வாழைமரத்தடியில் புதைத்த அட்டை

ஹுத்தான் மெலிந்தாங்கில் அக்டோபர் 21 விழாவுக்கு ஏற்பாடு செய்யும் இளையோருக்கு,



போன வாரம் உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, மேடையில் கட்டப்போகும் பதாகையைக் கைப்பேசியில் காட்டினீர்கள். நடுவில் நேதாஜி. அவரைச் சுற்றி ஒன்பது கொடிகள். கீழே பெரிய எழுத்தில், ‘ஒன்பது நாடுகள் அங்கீகரித்த நம் அரசாங்கம்’. “நல்லா இருக்கா சார்?” என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணி கலக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் உங்கள் அப்பா அம்மாவுக்குப் பாடம் சொன்னவன் அப்படி நழுவியிருக்கக் கூடாது. மனதில் பட்டதை இப்போது சொல்கிறேன். உங்கள் குழுவில் எல்லாரும் படிக்கட்டும்.

அந்தக் கொடிகளை எடுத்துவிடுங்கள்.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டத்துச் சனம் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கூலி என்ற பெயரை உதறிவிட்டுக் குடிமக்களாக எழுந்து நின்ற நாள் அது. 1943 அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். அவர் பேச்சுகள் தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டன; கேட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். அந்த அமைச்சரவையில் சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி இருந்தார், எஸ். ஏ. ஐயர் இருந்தார். ஈப்போவிலிருந்து இராசம்மா என்ற பதினாறு வயதுப் பெண் தன் அக்காவோடு, இந்தியத் தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பிற்காலத்தில் இந்த நாட்டுப் பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்துக்காகப் போராடிய இராசம்மா பூபாலன் அவர்தான். இவற்றை எல்லாம் மேடையில் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஒன்பது யார்? ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி, குரோஷியா, தாய்லாந்து, பர்மா, பிலிப்பைன்ஸ், மஞ்சூகுவோ, நான்கிங்கில் இருந்த சீன அரசு. மஞ்சூகுவோவையும் நான்கிங் அரசையும் ஜப்பானே உண்டாக்கியது. பர்மாவும் பிலிப்பைன்ஸும் அதே ஆண்டில், ஜப்பானியப் படை ஊருக்குள் நிற்கும்போதே சுதந்திரம் ‘பெற்றவை’. அந்த நேரத்து இத்தாலி என்பது ஜெர்மன் படையின் பிடியில் வடக்கே முசோலினி நடத்திய குடியரசு. குரோஷியாவில் ஆட்சி செய்த உஸ்தாஷாக்கள் செர்பியர்களையும் யூதர்களையும் ரோமாக்களையும் கொன்று குவித்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொடிகளுக்குக் கீழே நம் பிள்ளைகள் பரதம் ஆட நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்னொரு தேதியும் இருக்கிறது. ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதையின் இரண்டு முனைகளும் காட்டுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் அரசு பிரகடனமானதற்கு நான்கு நாள் முன்பு. ஜப்பான் நம் அரசை அங்கீகரித்தது 23ஆம் தேதி. தண்டவாளம் முடிந்ததற்கு அதே ஜப்பான் விழா எடுத்தது 25ஆம் தேதி. 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. நம்மவர்களுக்கு ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கல் என்று எதுவும் இல்லை. ஒரு கையால் நம் அரசுக்கு வணக்கம் வைத்தவன், மறு கையால் நம் ஆட்களை லாரியில் ஏற்றினான். அந்த நாள்களில் லயத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

என் தாத்தா இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். பெர்ணம் ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஏன் போனீர்கள் என்று சிறுவனாக இருந்தபோது கேட்டேன். நாட்டுப்பற்று என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். “சயாமுக்குப் போற லாரியும் நின்னுச்சு, நேதாஜி லாரியும் நின்னுச்சு. இதுல ஏறினா துப்பாக்கி குடுப்பான், செத்தாலும் பேரு எழுதிக்குவான்னாங்க. ஏறிட்டேன்” என்றார். பேர் எழுதிக்கொள்வான் என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை.

அவரிடம் இந்திய சுதந்திரச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை ஒன்று இருந்தது. ஆசாத் ஹிந்த் அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கைநாட்டு வைத்து உறுதிமொழியும் கொடுத்திருந்தார். அப்படி உறுதிமொழி கொடுத்தவர்கள் மலாயாவில் மட்டும் 2 இலட்சத்து 30 ஆயிரம் பேர் என்று பிறகு டெல்லி செங்கோட்டை வழக்கில் எடுத்துச் சொல்லப்பட்டது. அதுவரை நம் ஆள்களின் பெயர் ஏறியதெல்லாம் பெரட்டுப் புத்தகத்தில். கிராணி காலையில் கூப்பிட, ‘ஐயா’ என்று குரல் கொடுத்தால் அன்றைய கூலி. ஓர் அரசாங்கத்தின் ஏட்டில் தன் பெயரைத் தானே சம்மதித்து ஏற்றியது அதுதான் முதல் முறை.

அங்கீகாரம் என்பது வெறும் சம்பிரதாயம் என்று நேதாஜியும் நினைக்கவில்லை. 1945 மார்ச்சில் ஹாச்சியா என்ற ஜப்பானியத் தூதர் ரங்கூனுக்கு வந்து சேர்ந்தார். ஆசாத் ஹிந்த் அரசுக்கென்றே நியமிக்கப்பட்டவர். ஆனால் கையில் நியமனச் சான்றுக் கடிதம் இல்லை; தற்காலிக அரசுக்கு அது தேவையில்லை என்பது டோக்கியோவின் எண்ணம். இம்பால் படையெடுப்பு தோற்றாகிவிட்டது. பிரிட்டிஷ் படை பர்மாவுக்குள் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. அரிசிக்கும் தோட்டாவுக்கும் ஜப்பானியரைத்தான் நம்பியிருக்க வேண்டிய நிலை. அப்படியிருந்தும், கடிதம் இல்லாமல் வந்தவரைப் பார்க்க மாட்டேன் என்று நேதாஜி மறுத்துவிட்டார். கடிதம் வந்து சேர்வதற்குள் ரங்கூனையே விட்டுப் போக வேண்டியதாயிற்று. வீண் பிடிவாதம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது வீணாகத் தோன்றவில்லை. அந்தக் கடிதம் இல்லையென்றால், பின்னால் நிற்கும் சிப்பாய்கள் ஜப்பான்காரனின் எடுபிடிகள் என்றாகிவிடும். தன் மரியாதைக்காக மட்டும் அவர் நின்றிருக்க மாட்டார்.

அது எத்தனை உண்மை என்பது ஏழெட்டு மாதத்தில் தெரிந்தது. 1945 நவம்பர் 5ஆம் தேதி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் என்ற மூன்று அதிகாரிகள் மீது, மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றத்துக்கு இராணுவ நீதிமன்றம் கூடியது. எதிர்வாதம் செய்தவர் புலாபாய் தேசாய். அவர் கருணை கேட்கவில்லை. ஆசாத் ஹிந்த் முறைப்படி அமைந்த அரசு, நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன, அதற்கு ஒழுங்கான இராணுவமும் இராணுவச் சட்டமும் இருந்தன, ஆகவே அதன் சிப்பாய்கள் துரோகிகள் அல்லர், போர் செய்யும் உரிமை உள்ள ஓர் அரசின் படையினர் என்று வாதிட்டார். அடிமைப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் விடுதலைக்காகப் போரிடுவதை அனைத்துலகச் சட்டம் ஒதுக்கிவிட முடியாது என்றார். எஸ். ஏ. ஐயரும் அந்த ஹாச்சியாவும் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு ஆயுள்கால நாடுகடத்தல் என்று வந்தது. ஆனால் வெளியே நாடே கொதித்துக்கொண்டிருந்ததால் தலைமைத் தளபதி தண்டனையை நீக்கி, 1946 ஜனவரி தொடக்கத்தில் மூவரையும் விடுதலை செய்தார்.

ஒன்பது நாட்டு அங்கீகாரத்துக்கு ஒரு பொருள் இருந்தது என்றால் அது இங்கேதான் இருக்கிறது. கொடுத்தவர்களின் கை கறைபட்டது. கொடுத்ததற்கும் அவர்களுக்குச் சொந்தக் காரணம் இருந்தது. ஆனாலும் அந்தத் தாள், தூக்குக்கயிற்றுக்கும் ஒரு சிப்பாயின் கழுத்துக்கும் நடுவே வைத்து வாதாடப் பயன்பட்டது. பெருமைப்பட வேண்டுமானால் தேசாயின் வாதத்துக்குப் பெருமைப்படுங்கள். அந்தக் கொடிகளுக்கு வேண்டாம்.

நம் பக்கம் என்ன ஆனது? வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தான். மூன்றரை வருடத்துக்கும் மேலாகச் சேர்த்ததெல்லாம் அடுப்பெரிக்கத்தான் ஆயிற்று. இராணுவத்தில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு பரவியதும், பாட்டி தாத்தாவின் அட்டையை ஒரு தகர டப்பாவில் போட்டு லயத்துக்குப் பின்னால் வாழைமரத்தடியில் புதைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துத் தோண்டியபோது டப்பா துருப்பிடித்திருந்தது, உள்ளே கறையான் மண்.

தாத்தா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பிறப்புப் பத்திரம் கிடையாது. 1957க்குப் பிறகு குடியுரிமைக்கு அலைந்தபோது, எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், அத்தாட்சி எங்கே என்ற கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. கடைசிவரை குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐ.சி.தான். ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. அவரைக் குடிமகன் என்று எழுதிக்கொண்ட அரசு இருபத்திரண்டு மாதம் இருந்தது. அதன் பிறகு அவர் வாழ்ந்தது முப்பத்தாறு வருடம்.

இந்தக் கதை நம் வீட்டோடு முடிவதில்லை. நம் பேராக் கரையோரத்துச் சித்தியவானில் பிறந்தவர் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியதற்காக பிரிட்டிஷ் அரசு அவருக்குப் பட்டம் கொடுத்தது; பிறகு அவர் தலைக்கு விலையும் வைத்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளின் கையால் மாண்டவர்களில் நம் கங்காணிகளும் கிராணிகளும்கூட உண்டு. அதை மறைத்து நான் பேச மாட்டேன். மறுபக்கம், இந்தியத் தேசிய இராணுவத்தில் இருந்து வந்து தொழிற்சங்கத் தலைவரான எஸ். ஏ. கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. செங்கோட்டையில் கிடைத்த வாதம் கணபதிக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் எந்த நாடும் ஏற்ற அரசு எதுவும் இல்லை.

அடுத்த எட்டு மாதத்தில், 1950 ஜனவரி 6ஆம் தேதி, அதே பிரிட்டன் பெய்ஜிங்கில் மாவோ சேதுங்கின் அரசை அங்கீகரித்தது. முப்பது வருடத்துக்குள்ளாகக் காட்டிலும் மலையிலும் இருந்து வந்து ஆட்சியைப் பிடித்த கிளர்ச்சியாளர்களின் அரசு அது. ஹாங்காங்கில் முதலீடும் வியாபாரமும் இருந்தன. பிரிட்டன் கணக்குப் பார்த்தது. பேராக் காட்டில் மாவோவின் பேரைச் சொன்னவனைச் சுட்டுக்கொண்டே அந்தக் கணக்கைப் பார்த்தது. 1955 டிசம்பரில் பாலிங்கில் சின் பெங் மலாயாவின் முதலமைச்சர் துங்குவிடம் கேட்டது தன் கட்சிக்குச் சட்டபூர்வ இடம். துங்கு மறுத்தார். 1974 மே 31ஆம் தேதி பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சூ என்லாயோடு கையெழுத்திட்டு, ஆசியானில் முதல் நாடாகச் சீனாவை மலேசியா ஏற்றுக்கொண்டபோதும் எல்லைக் காட்டில் சண்டை நின்றபாடில்லை. 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாயில்தான் சமாதானம் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் சின் பெங்கால் சித்தியவானுக்குத் திரும்ப முடியவில்லை. பிறப்புப் பத்திரத்தைக் காட்டு என்று 2008இல் நீதிமன்றம் கேட்டது. 1948 சோதனையில் போலீஸ் எடுத்துப் போய்விட்டது என்று அவர் சொன்னார். 2013இல் பேங்காக்கில் இறந்தார்.

நான் அவருக்காக வாதாடவில்லை. அவர் படையால் குடும்பத்தை இழந்தவர்கள் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. கிளர்ச்சியாளர்கள் அரசாக மாறும்போது, நாடுகள் ஏற்பதும் மறுப்பதும் தங்கள் துறைமுகத்தையும் எல்லையையும் வைத்துத்தான். அந்த முடிவின் சுமை வந்து விழுவதோ அட்டை வைத்திருப்பவன் மேல், அட்டையைத் தொலைத்தவன் மேல்.

உங்களில் சிலர் அன்றைக்குக் கடைத்தெருவில் காபூலைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தாலிபான்கள் முதல் முறை ஆண்டபோது அவர்களை ஏற்றவை மூன்றே நாடுகள்: பாகிஸ்தான், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு சிற்றரசுகள். 2021 ஆகஸ்ட் 15ஆம் தேதி இரண்டாம் முறை வந்தார்கள். ஏறத்தாழ நான்கு வருடம் கழித்து, 2025 ஜூலையில் ரஷ்யா முதல் நாடாக ஏற்றது. ‘அவர்களும் அந்நியனை விரட்டியவர்கள்தானே, நேதாஜி அரசை ஏற்றால் இவர்களையும் ஏற்கணும்’ என்றான் ஒருவன். ‘பொம்பளப் பிள்ளைங்கள ஆறாம் வகுப்போட நிறுத்துறவனுக்கு என்ன அங்கீகாரம்?’ என்றாள் ஒரு தங்கை. நான் தங்கையின் பக்கம். ஜான்சி ராணிப் படைக்குப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்ட அரசைக் கொண்டாடுகிறவர்கள், பெண்பிள்ளைகளைப் பள்ளி வாசலிலேயே நிறுத்துகிற அரசுக்கு மரியாதை தேடித் தர முடியாது.

ஆனால் தங்கைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காபூல் அரசுக்கு மரியாதையை மறுக்கலாம். அங்கிருந்து வரும் ஒரு பெண்ணின் பிறப்புப் பத்திரத்தை, படித்த சான்றிதழை, கல்யாணப் பதிவை மறுக்கக் கூடாது. 2024 ஜூலையில் காபூல் அரசு, பழைய குடியரசின் பெயரில் மேற்கு நாடுகளில் இயங்கிய பல தூதரகங்கள் கொடுக்கும் கடவுச்சீட்டும் பத்திரமும் இனிச் செல்லாது என்றது. அந்தப் பக்கம் இவன் தாள் செல்லாது, இந்தப் பக்கம் அவன் தாள் செல்லாது. நடுவில் நிற்பது வேலை தேடிப் போன ஒரு குடும்பம். என் பாட்டி தோண்டிய குழிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. நமீபியாவைத் தென்னாப்பிரிக்கா பிடித்து வைத்திருந்த காலத்தில், 1971 ஜூன் 21ஆம் தேதி ஹேக் அனைத்துலக நீதிமன்றம் ஒரு கருத்துரை தந்தது. அந்த ஆட்சி சட்டவிரோதம், எந்த நாடும் அதை ஏற்கக் கூடாது என்றது. அதே மூச்சில், பிறப்பு, இறப்பு, திருமணம் போன்றவற்றின் பதிவுகளைச் செல்லாது என்று தள்ளக் கூடாது, தள்ளினால் அது அங்கே வாழும் மக்களைத்தான் பாதிக்கும் என்றும் சொன்னது. ஆட்சியாளனையும் ஆளப்படுகிறவனையும் பிரித்துப் பார்க்கச் சொன்ன கருத்துரை. 1990இல் நமீபியா விடுதலையானபோது ஆட்சிக்கு வந்தது, முன்பு துப்பாக்கி ஏந்திப் போராடிய சுவாப்போ இயக்கம். அதற்கு முந்தைய ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்தக் கருத்துரை எத்தனை பேருடைய பிறப்புப் பத்திரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

டமாஸ்கஸிலும் இப்போது இதே கேள்வி. 2024 டிசம்பர் 8ஆம் தேதி சிரிய அதிபர் அசாத் தப்பியோட, அமெரிக்கா தலைக்கு ஒரு கோடி டாலர் விலை வைத்திருந்த கிளர்ச்சித் தலைவர் அகமது அல்ஷாரா ஆட்சிக்கு வந்தார். அடுத்த மே மாதமே அமெரிக்க அதிபர் ரியாத்தில் அவரோடு கைகுலுக்கினார். அங்கே ட்ரூஸ், அலவி மக்களுக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்து நான் அந்த அரசை எடைபோடுவேன். கைகுலுக்கிய படத்தை வைத்து அல்ல.

தூரத்து ஊர்கள் இருக்கட்டும். நம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில், மீன்பிடிப் படகில் மியன்மார்க்காரர்கள் வேலை செய்கிறார்கள். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. ஏப்ரலில் எதிர்ப்பாளர்கள் தேசிய ஒற்றுமை அரசு என்று ஒன்றை அமைத்தார்கள். 2022 மே மாதம் அப்போதைய நம் வெளியுறவு அமைச்சர் சைபுடின் அப்துல்லா அதன் வெளியுறவு அமைச்சரை வாஷிங்டனில் நேரில் சந்தித்தார். ஆசியானில் யாரும் செய்யாததைச் செய்தார். ஆனாலும் இங்கே இருக்கும் பையனின் கடவுச்சீட்டு முடிந்தால், எந்த ஆட்சிக்குப் பயந்து வந்தானோ அதே ஆட்சியின் தூதரகத்து வாசலில்தான் அவன் வரிசையில் நிற்க வேண்டும். அவனுக்கு நம் மண்டபத்தில் அன்று ஒரு நாற்காலி போடுங்கள். கதையைக் கேட்க வேண்டுமானால் அவனிடம் கேட்கலாம்.

சரி, பதாகைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொடிகள் இருந்த இடத்தைக் காலியாக விடுங்கள். நேதாஜி படம் இருக்கட்டும். இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பழைய லயங்களிலிருந்து பெயர்ந்து வந்து தாமானில் இருக்கும் குடும்பங்கள், தெலுக் இந்தானுக்கும் பாகான் டத்தோவுக்கும் போனவர்கள், எல்லா வீட்டுக்கும் போங்கள். பாட்டிமார்களின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சுதந்திரச் சங்கத்து அட்டை, இராணுவத்தில் எடுத்த படம், சயாமுக்குப் போனவர் எழுதியது, சிவப்பு ஐ.சி., குடியுரிமை மனு தள்ளுபடியான கடிதம், எது கிடைத்தாலும் கொண்டுவாருங்கள். தாள் கிடைக்காத வீட்டில் பெயரையாவது எழுதி வாங்குங்கள். ஆள், தோட்டம், போன வருடம், திரும்பினாரா இல்லையா. நேதாஜி லாரியில் ஏறியவர் பெயரும் சயாம் லாரியில் ஏறியவர் பெயரும் ஒரே பட்டியலில் வரட்டும். கொடிகளுக்குப் பதிலாக அந்தப் பட்டியலை அச்சடியுங்கள். அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கவனம். கிடைக்கும் பழைய தாள் எதையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் தாளும் மையும் கெடலாம், பிறகு பிரித்தெடுக்க முடியாது. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துத் தட்டையாக எடுத்துவாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
ஹுத்தான் மெலிந்தாங்